அறுபத்திரண்டு நாள்

அந்த ஆண்டு எங்கள் கல்லூரியின் பௌதிக ஆய்வுக்கூடம் அறுபத்திரண்டு நாள் திறந்திருந்தது. பூஜை விடுமுறை நீண்டுவிட்டதால் மற்ற ஆண்டுகளைவிடக் குறைவு. காலையில் அங்கே நான் டெமான்ஸ்ட்ரேட்டர். மாலையில் கூடைப்பந்துப் பயிற்சியாளன். இரண்டாவது வேலைக்காகத்தான் மதராஸிலிருந்து கல்கத்தா வந்தேன். பிரின்சிபால் மட்டும் பதினோரு ஆண்டாக என்னை டிரில் மாஸ்டர் என்றே கூப்பிட்டார்.

வாஞ்சிநாதனைப் பற்றி இந்த விசாரணையில் கேட்கிறீர்கள். அதற்கு ஆட்டம் தெரிய வேண்டும். ஒவ்வொரு கூடை விழுந்த பிறகும் பந்தை நடுவட்டத்துக்குக் கொண்டுவந்து இருவருக்கு நடுவே மேலே எறிவார்கள். உயரமானவன் தன் ஆட்களிடம் தட்டிவிடுவான். அவன் எந்தப் பக்கமோ, பந்தும் அந்தப் பக்கம். வாஞ்சி ஆறடி மூன்றங்குலம்.

"லம்பு-தா, மேலே மழை பெய்யுதா?" என்று வங்காளிப் பையன்கள் அந்த நெட்டை அண்ணனைப் பார்த்துக் கத்துவார்கள்.

அவன் உள்ளங்கையை நீட்டிப் பார்த்து, "எக்கோனோ நா" என்பான். இன்னும் இல்லை.

அவனுக்கு முன் மூன்று பேரை நடுவட்டத்துக்குத் தயார் செய்தேன். கோப்பை கைக்கெட்டும் நேரத்தில் ஒவ்வொருவனும் பட்டம் வாங்கிக்கொண்டு, கும்பிடு போட்டுவிட்டுப் போனான். பிறகு ஒரு கடிதம்கூட இல்லை. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நான் யாரையும் கடிந்து பேசியதில்லை.

வாஞ்சி பி.எஸ்ஸி. இறுதி ஆண்டு. அவன் அப்பா சுந்தரேசன் கிளைவ் தெருக் கம்பெனி ஒன்றில் அதிகாரி. பையன் தேறியதும் அங்கேயே ஓர் இடம் என்று துரையிடம் சொல்லி வைத்திருந்தார். அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் ஒரே கூடையில் தோற்றோம். இன்னும் ஓர் ஆண்டு அவன் இருந்தால் கோப்பை எங்களுக்குத்தான்.

மார்ச்சில் தேர்வு எழுதத் தகுதியானவர்களின் பட்டியலை ஒட்டினார்கள். அவன் பெயர் இல்லை. ஆய்வுக்கூடத்துக்கு முக்கால் பங்கு நாளாவது வந்திருக்க வேண்டும் என்பது விதி. நாற்பத்தேழு நாள் வேண்டும். பதிவேட்டில் நாற்பத்தாறு இருந்தது.

அன்று மாலை என்னைப் பவானிபூரில் அவர்கள் வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். அவன் அம்மா ஜகதாம்பாள் காபி கொண்டுவந்து வைத்தாள். வாஞ்சி நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து நின்றான்.

"நீங்களே சொல்லுங்கோ சார்," என்றார் சுந்தரேசன். "இவன் லாபுக்கு ஒழுங்கா வந்தானா?"

"தினம் வந்தேம்ப்பா. ரெஜிஸ்டர்ல ஏதோ தப்பு நடந்திருக்கு."

"காலேஜ்காரா எல்லாம் பொய்யா? நீ மட்டும் அரிச்சந்திரனா? பந்துக்குப் பின்னாடி அலைஞ்சிருக்கே."

"சார், நீங்க பாத்திருக்கேளே. சொல்லுங்கோ சார்."

காபி நல்ல சூடு. நிதானமாகக் குடித்தேன்.

"குழந்தைதானே," என்றேன். "விளையாட்டுப் புத்தி. அடுத்த வருஷம் எழுதிடுவான். நான் பாத்துக்கறேன்."

வாஞ்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். சுந்தரேசன் அவன் சட்டைகளை எடுத்து வாசலில் போட்டார். இதை நான் எதிர்பார்க்கவில்லை. பெற்ற மகன் சொல்வதை நம்பாத மனிதர்மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் அடங்கவில்லை.

பையன் கல்லூரிக்குத் திரும்பவில்லை. சாந்த்ராகாச்சி ரயில் யார்டில் வேலைக்குச் சேர்ந்தான். இரண்டு வண்டிகளுக்கு நடுவே குனிந்து புகுந்து, கொக்கி மாட்டிவிட்டு, குனிந்தபடியே வெளியே வர வேண்டும். உயரமானவனுக்கு ஆகாத வேலை. பத்தொன்பதாம் நாள் அவன் சற்று முன்னதாக நிமிர்ந்துவிட்டான்.

அடுத்த பருவத்தில் நாங்கள் முதல் சுற்றிலேயே தோற்றோம். இழப்பு அவர்களுக்கு மட்டுமல்ல.

சுந்தரேசன் இப்போது உங்கள் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அன்று அவர் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. கதவைத் திறந்து வையுங்கள். உரக்கவே சொல்கிறேன்.

ஆய்வுக்கூடத்தில் பெயர் கூப்பிடும் வழக்கம் இல்லை. முகங்களைப் பார்த்துப் பதிவேட்டில் குறிப்பது என் வேலை. சுந்தரேசன் சார், அறுபத்திரண்டு நாளும் உங்கள் மகன் வந்தான். அதில் பதினாறு நாள் வரவில்லை என்று குறித்தவன் நான். அவனை நிறுத்திவைக்க அவ்வளவு போதும். அதற்கு மேல் ஒரு நாள்கூட நான் குறிக்கவில்லை.