எதிர்மனுதாரருக்குப் பகுதிநேரம்

— இவருக்கு மட்டும் முழுநேரப் படிப்புல சீட்டு குடுத்தீங்கன்னா, நான் இந்த கவுண்டரை விட்டு நகர மாட்டேன் சார். எழுதிக்குங்க.

— அம்மா, சட்டக் கல்லூரியில சேர வந்திருக்கறது இவரு. விண்ணப்பம் கேக்கறதும் இவரு. நடுவுல நீங்க யாரு?

— நான் மனுதாரர். இவரு எதிர்மனுதாரர்.

— நியாயமா பாத்தா நாங்க புருஷன் பொண்டாட்டி சார். விவாகரத்து கேஸ் நடக்குது. தீர்ப்பு வர்ற வரைக்கும் இப்படித்தான் கூப்பிட்டுக்கணும்னு இவங்க உத்தரவு. அதுக்கு முன்னாடி பதினாறு வருஷம் என்னை ‘ஏங்க’ன்னுதான் கூப்பிட்டாங்க.

— அந்தக் கதையெல்லாம் சாருக்கு எதுக்கு, எதிர்மனுதாரரே?

— கேஸ் நடக்குதுன்னா வக்கீல் வைப்பாங்க. படிக்கவா வருவாங்க?

— வெச்சோம் சார். எனக்கு ஒரு வக்கீல், இவருக்கு ஒரு வக்கீலம்மா. எங்க சண்டையை ஆறு மாசம் உக்காந்து பேசிப் பேசி, அவங்க ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்டு வெளிநாடு போயிட்டாங்க.

— நியாயமா பாத்தா நல்ல ஜோடி சார்.

— உங்களைக் கேட்டாங்களா? அப்புறம் நாங்களே பேசிப் பாத்தோம் சார். நீதிபதி காதைப் பொத்திக்கிட்டாரு. ‘போய் சட்டம் படிச்சுட்டு வாங்க’ன்னாரு. அதை நாங்க உத்தரவா எடுத்துக்கிட்டு ரெண்டு பேருமே சேர வந்துட்டோம்.

— அது அவரு கோவத்துல சொன்னது.

— கோவத்துல சொன்னாலும் நீதிபதி நீதிபதிதானே சார்.

— சரி, கேட்டுக்குங்க. முழுநேரம் மூணு வருஷம். காலையில பத்துலேர்ந்து சாயங்காலம் நாலு வரைக்கும். பகுதிநேரம் அஞ்சு வருஷம். வேலை பாக்கறவங்களுக்கு, சாயங்கால வகுப்பு. ரெண்டுக்கும் பாடம் ஒண்ணுதான், பட்டமும் ஒண்ணுதான். விதி அப்படி.

— பாத்தீங்களா! நான் மூக்குக் கண்ணாடிக் கடை வெச்சிருக்கேன். பகல்ல கடையை விட்டுட்டு வர முடியாது. எனக்கு அஞ்சு வருஷம். இவரு முழுநேரம் சேந்தா மூணே வருஷத்துல கோட்டு மாட்டிக்கிட்டு வந்து நிப்பாரு. அரைகுறையாப் படிச்ச என்னைக் கூண்டுல ஏத்தி மென்னு துப்பிடுவாரு.

— துப்ப மாட்டேன் சார். ரெண்டு வருஷம் காத்திருக்கேன்னு வேணா எழுதித் தரேன்.

— இவரு காத்திருந்த லட்சணம் எனக்குத் தெரியும்.

— பொறுங்க. முழுநேரம்னா இவரு எந்த வேலையிலயும் இருக்கக் கூடாது. வேலையை விட்டு அனுப்பிட்டோம்னு முதலாளி எழுதித் தரணும். யாருய்யா உங்க முதலாளி?

— அவங்கதான் சார். கடையில லென்ஸ் தேச்சு ஃப்ரேம்ல மாட்டறது நானு.

— எழுதித் தர மாட்டேன். இவரை அனுப்பிட்டா லென்ஸ் யாரு தேய்ப்பா?

— விவாகரத்து மட்டும் வேணும், லென்ஸ் தேய்க்கவும் ஆள் வேணும்.

— அது வேற, இது வேற.

— அப்ப இவருக்கும் பகுதிநேரம்தான். ஆனா அதுக்கும் ஒரு சான்றிதழ் வேணும். தினமும் நீங்க வேலை செய்யறதைக் கண்ணால பாக்கறவங்க, உங்க வேலை எப்படி, குணம் எப்படின்னு கைப்பட எழுதணும்.

— கடையில மொத்தமே நாங்க ரெண்டு பேர்தான் சார்.

— அப்ப இவருக்கு நீங்க எழுதுங்க, உங்களுக்கு இவரு எழுதட்டும். பேப்பர் இருக்கு, பேனா இருக்கு, பெஞ்சு அங்க இருக்கு.

— ஒரே பெஞ்சுலயா?

— இருக்கறதே ஒரு பெஞ்சு.

— தள்ளி உக்காருங்க, எதிர்மனுதாரரே. எட்டிப் பாத்தீங்க, நடக்கறதே வேற.

— நீங்களும் பாக்கக் கூடாது, மனுதாரரே.

— என்னம்மா, முடிஞ்சுதா? குடுங்க, படிக்கறேன். ‘இவர் பதினாறு வருடமாக என் கடையில் வேலை செய்கிறார். ஒருநாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. எவ்வளவு வேலை இருந்தாலும் முணுமுணுத்ததில்லை.’ ஏம்மா, கேஸ்ல என்ன குற்றம் சொல்லியிருக்கீங்க?

— சோம்பேறி. சொன்ன நேரத்துக்கு வர மாட்டாரு.

— இதுல அப்படியே தலைகீழா இருக்கே?

— வீட்டுக்குத்தான் சார் லேட்டு. கடைக்குக் கரெக்டா வந்துடுவாரு.

— கடைக்கும் வீட்டுக்கும் எவ்வளவு தூரம்?

— வீட்டுக்குக் கீழதான் கடை.

— அய்யா, உங்களுது. ‘வயதானவர்களுக்கு ஒரே எழுத்தை முப்பது லென்ஸ் மாற்றி மாற்றிக் காட்டி, இது தெளிவா, அது தெளிவா என்று முகம் சுளிக்காமல் கேட்பார். இப்படி ஒரு பொறுமைசாலியை நான் பார்த்ததில்லை.’ நீங்க கோர்ட்ல சொன்னது?

— பொறுமையே கிடையாது, யார் சொல்றதையும் காதுல வாங்க மாட்டாங்கன்னு.

— அப்ப எது நிஜம்?

— நியாயமா பாத்தா ரெண்டும்தான் சார். கடைக்கு வர்றவங்களை எல்லாம் கேப்பாங்க. என்னை ஒரு தடவைகூட ‘இது தெளிவா’ன்னு கேட்டதில்லை.

— நீங்க எப்பவாவது தெளிவா இல்லைன்னு வாயைத் தொறந்து சொன்னீங்களா? எல்லாத்துக்கும் ‘சரி’. கடை போர்டுல கண்ணு வரைஞ்சப்போ, ‘அது இடது பக்கம் பாக்கட்டுமா’ன்னு கேட்டேன். ‘சரி’ன்னாரு சார். மறுநாள் ஆளைக் கூட்டிட்டு வந்து வலது பக்கம் பாக்கற மாதிரி மாத்திட்டாரு. அதுலதான் ஆரம்பிச்சுது.

— பஸ் ஸ்டாப் வலது பக்கம்தானே சார் இருக்கு? அந்தக் கண்ணு ஜனங்களைப் பாக்க வேண்டாமா?

— இதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருந்தா என்ன? எனக்கு என்ன ஜோசியமா தெரியும்?

— சண்டையைக் கோர்ட்ல வெச்சுக்குங்க. முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்குங்க. இந்த ரெண்டு சான்றிதழும் இங்க ஃபைல்ல இருந்துதுன்னா, உங்க கேஸ் நிக்கவே நிக்காது.

— அதெல்லாம் படிச்சு முடிச்சு நான் பாத்துக்கறேன் சார். சீட்டைக் குடுங்க.

— கடைசியா ஒரு கட்டம் பாக்கி. ‘சான்றிதழ் தந்தவர் உங்களுக்கு உறவினரா? ஆம், இல்லை.’ உறவுக்காரங்க குடுத்தா செல்லாது. ‘ஆம்’னு போட்டா விண்ணப்பம் தள்ளுபடி. ‘இல்லை’ன்னு போட்டா இன்னிக்கே சீட்டு.

— உங்களுக்குத்தான் நாங்க புருஷன் பொண்டாட்டின்னு தெரியுமே சார்?

— எனக்குத் தெரிஞ்சது செல்லாது. நீங்க டிக் பண்ணதுதான் செல்லும். விதி அப்படி.

— இதுல யோசிக்க என்ன இருக்கு? ‘இல்லை’தான். கேஸ் போட்டதே அதுக்குத்தானே... பேனா எங்க?

— நான் போட்டுட்டேன் சார். இந்தாங்க, மனுதாரரே, பேனா.

— அதுக்குள்ளயா? ஒரு சட்டை எடுக்க மூணு கடை ஏறி இறங்கற மனுஷன்! எதுல போட்டாரு சார்?

— அதைச் சொல்லக் கூடாதும்மா.

— ‘இல்லை’லதானே? சொல்லுங்க. நான் தாங்கிப்பேன்.

— இன்னொருத்தர் விண்ணப்பத்துல என்ன இருக்குன்னு சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. விதி அப்படி. ஆனா, அவரோட விண்ணப்பம் தள்ளுபடி.

— தள்ளுபடியா? அப்ப இவரு...

— ஏம்மா, பேனாவைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நிக்கறீங்க? பின்னாடி ஆள் இருக்கு. சீக்கிரம் டிக் பண்ணுங்க.

— என்னோடதையும் தள்ளிடுங்க சார். ஏங்க, வாங்க, கடையைத் தொறக்கணும்.