இருபது இஞ்சிச் சில்லு

இல்லை அத்தான், அது எஞ்சின் இல்லை, ரயர். றவுண்டபவுட்டில வளைக்கேக்க பின்சில்லு மட்காட்டில உரசுது. அதுதான் பூனையின்ர வாலை மிதிச்ச மாதிரிச் சத்தம். பயப்பிடாதேங்கோ, ஒண்டும் கழண்டு போகாது. நேர் ரோட்டில வராது. பின்சீற்றில பாரம் இருந்தால்தான் கரைச்சல். அதுக்குத்தான் உங்கட சத்தியபாமா அன்ரியைப் பின்னுக்கு வாற வான் வண்டியில ஏறச் சொன்னனான். அவவின்ர முகத்தைப் பாத்தனீங்களே? நான் தூக்கி வளத்த பெறாமகன், என்ர மடியில மூத்திரம் பெய்த பிள்ளை, அவன்ர கலியாணக் காரில எனக்கு இடமில்லையாமோ? இடம் இருக்கு அன்ரி. நீங்கள் ஏறினால் ரயர்தான் இருக்காது.

பாத்தீங்களே, சிரிச்சிட்டியள். சிரியுங்கோ, சிரியுங்கோ. வீடியோக்காரன் பின்னுக்கு வானிலதான் வாறான். ஓம், அப்பிடியே அவவின்ர குரல்தான், எல்லாரும் சொல்லுறவை. எனக்குக் குரல் எடுக்கிறது விளையாட்டு. ஐயர், எங்கட பிரின்சிப்பல், ஜிபிஎஸ்ஸுக்க இருக்கிற மனிசி, ஒருத்தரையும் விடுறேல்ல. இருநூறு மீற்றரில் இடப்பக்கம் திரும்பவும். திரும்பேல்லையோ? சரி, திரும்பவும் முதல்ல இருந்து கணக்குப் போடுறன், என்ர தலைவிதி.

ஒருக்கா பக்கத்து வீட்டு விஜயா அன்ரிக்கு அப்பான்ர குரலில போன் எடுத்தனான். பின்னேரம் வீட்டில ஒரு சின்னப் பூசை, நாப்பது வடை சுட்டுக்கொண்டு வந்தால் உதவியா இருக்கும் எண்டு. மனிசி உண்மையாவே வந்திட்டா. அப்பா கதவைத் திறந்தார். வடையைப் பாத்தார், அவவைப் பாத்தார், திரும்பி என்னைப் பாத்தார். நான் செத்தன் எண்டு நினைச்சன். அவர் என்ன செய்தவர் தெரியுமோ? ஓம் ஓம், வாங்கோ வாங்கோ, உங்களைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறம் எண்டு சொல்லிப்போட்டு, சாமியறையில விளக்கைக் கொழுத்தி ஒரு பூசை வைச்சார். மெய்யாத்தான். தேவாரம் கூடப் படிச்சவர். அப்பிடி ஒரு ஆள் உங்கட மாமா. வீட்டுக்கு வந்த சனத்தின்ர முகம் கறுக்கக்கூடாது அவருக்கு.

ஓடிப் பாக்கப் போறியளோ? இப்ப வேண்டாம் அத்தான், பட்டு வேட்டியோட கிளச் மிதிக்கேலாது. பின்னேரம் ஓடலாம்தானே. உங்கட கார்தானே.

ஏன் திடுக்கிடுறியள்? தாலி கட்டி முடிய, அப்பா வெத்திலைத் தட்டில கார்த் திறப்பை வைச்சு எல்லாருக்கும் முன்னால உங்கட கையில தரப்போறார். தெரியும். எனக்கு இப்ப சொல்ல வேண்டாம், தான் பக்குவமாச் சொல்லுறன் எண்டு அப்பா உங்களிட்டச் சொன்னவராக்கும். எப்பிடித் தெரியுமெண்டதைப் பிறகு சொல்லுறன். ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்கு இன்னும் நிறைய ரோட்டுக் கிடக்கு. இண்டைக்குத்தான் நான் இதைக் கடைசியா ஓடுறது, ஆறுதலாப் போவம்.

எழுபத்திரண்டாம் ஆண்டு வேலியன்ற் சார்ஜர் இது. எனக்குப் பதின்மூண்டு வயசில வாங்கினது. டபோ எண்ட ஊருக்கு அங்கால ஒரு வெள்ளைக்காரன்ர கொட்டிலுக்க நிண்டது. பின்சீற்றில ஒரு கோழி அடை கிடந்தது, சத்தியமா. அந்த மனிசன் கோழியைத் தூக்கிக் கக்கத்துக்க வைச்சுக்கொண்டுதான் திறப்பைத் தந்தவன். பக்கத்திலயே இன்னொரு கார் நிண்டது, எட்டுச் சிலிண்டர். ஸ்ராட் பண்ணினால் தகரக் கூரை அதிருது. நான் அப்பான்ர சேட்டைப் பிடிச்சு இழுக்கிறன், அதை வாங்குவம், அதை வாங்குவம் எண்டு. அப்பா திரும்பியும் பாக்கேல்ல. விசரா, புது லைசென்ஸில காருக்குப் பி எழுத்து ஒட்டின ஆக்கள் எட்டுச் சிலிண்டர் ஓடக்கூடாது, இஞ்ச சட்டம், ஆறு சிலிண்டர் எண்டால்தான் லைசென்ஸ் எடுத்த அண்டைக்கே நீ ஓடலாம் எண்டார்.

அப்ப இந்தக் கார் ஆருக்கு வாங்கினது? சும்மா கேக்கிறன் அத்தான். நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம்.

நாலு வருசம் திருத்தினது. எங்கட சனி ஞாயிறு முழுக்க இதுக்கு அடியிலதான். அப்பாவுக்கு எல்லாம் ஒறிஜினல் வேணும். இந்தா, உங்கட பக்கத்துக் கதவின்ர கைபிடி உடைஞ்சு போச்சு. ஒறிஜினல் கைபிடி கிடைக்கிற வரைக்கும் எட்டு மாசம் கதவைக் கொடிக்கயித்தால கட்டி வைச்சிருந்தவர். ஒருக்கா நான் பகிடிக்கு ரெண்டு பக்கமும் நெருப்பெரியிற மாதிரி ஸ்ரிக்கர் ஒட்டிவிட்டன். அக்கான்ர தலைமயிர் காயவைக்கிற மெசினால சூடு காட்டிக் காட்டி அதை உரிச்செடுத்தார். ஒரு கிழமை என்னோட கதைக்கேல்ல. பிறகு கதைச்சார், ஒரே ஒரு வசனம். லதீஸ், கொம்பனிக்காரன் செய்துவிட்டதில கை வைக்கக்கூடாது, விளங்கிச்சோ?

விளங்கிச்சு அப்பா.

அப்பிடிப்பட்ட வீட்டுக்குத்தான் நீங்கள் முதல் முதல் வந்தனீங்கள். மிருணா அக்கா உடுப்பு நாலுதரம் மாத்தினவ. உங்கட சத்தியபாமா அன்ரி சோபாவில இருந்துகொண்டு, எங்களுக்கு ஒண்டும் வேண்டாம் தேவராஜா, கடவுள் எல்லாம் தந்திருக்கிறான், நீங்கள் உங்கட பிள்ளைக்கு ஆசையா எதைச் செய்யிறியளோ செய்யுங்கோ. ஒண்டும் வேண்டாம் எண்டு வாய் சொல்லேக்க கண் சிலிங்கில துவங்கி, தரைக்கு வந்து, குசினிக்குள்ள போய்ப் பாத்திட்டுத் திரும்பி வந்தது. நான் தேத்தண்ணித் தட்டோட நிண்டு பாத்தனான்.

அப்பா வாடகை வீட்டில இருக்கிற மனிசன். வேர்த்துப் போனார்.

நீங்கள் வெளியில வந்தியள். இது கராஜுக்க நிண்டது. இப்ப உங்கட குரல் எடுக்கிறன், கோவிக்கக் கூடாது. வாவ் அங்கிள்! செம வடிவு! இதுக்கு மட்டும் ஒரு இருபது இஞ்சி குறோம் சில்லுப் போட்டியள் எண்டால், அந்த மாதிரி இருக்கும் அங்கிள்! சொல்லிப்போட்டுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போட்டியள்.

என்ன? சும்மாவோ சொன்னனீங்கள்?

ஐயோ அத்தான். பொம்பிளை வீட்டில மாப்பிள்ளை சும்மா எண்டு ஒண்டு சொல்லலாமோ? கதிரை கொஞ்சம் ஆடுது எண்டு சொல்லிப் பாருங்கோ, அடுத்த முறை வரேக்க எட்டுப் புதுக் கதிரை கிடக்கும். நீங்கள் சொன்னதை மறந்திட்டியள். அப்பா அண்டைக்குச் சாப்பிடேக்கயே இருபது எண்டு தனக்குள்ள சொல்லிப் பாத்தவர். நான் சரியாக் கேக்காமல், குழம்பு விடச் சொல்லுறார் எண்டு நினைச்சு விட்டன்.

பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு சில்லுக் கடைக்குப் போனார். கடைக்காரன் பெரிய தாடி வைச்ச வெள்ளை, ஆரையும் மேற், கூட்டாளி எண்டுதான் கூப்பிடுவான். காரைச் சுத்தி வந்து பாத்திட்டு, மேற், உனக்குத் தலை சுகம்தானே மேற்? இதுக்கு வந்தது பதினாலு இஞ்சி. பதினேழு போடு, சரி, அழுதழுது பதினெட்டுப் போடுறன். இருபது போட்டால் கங்காருவுக்குச் சப்பாத்துப் போட்ட மாதிரி இருக்கும் மேற். மட்காட்டின்ர உள்விளிம்பை வெட்டோணும், வெட்டினால் வெட்டினதுதான், நான் செய்யமாட்டன். அப்பா, நோ நோ, ருவென்ரி, வெடிங் மேற், வெடிங். கலியாண வீடியோவுக்காக்கும் எண்டு நானும் நினைச்சன். வீடியோ முடிய பழசைப் போடலாம்தானே எண்டு அவரும் சொன்னவர். வரேக்க பாத்தன், பழைய சில்லு நாலையும் கடையிலயே விட்டிட்டு வாறார்.

கடைக்காரன் வெட்டமாட்டன் எண்டதால அப்பாவே வெட்டினார், தகடு வெட்டுற கிறைண்டரால. எட்டு மாசம் கதவைக் கயித்தால கட்டி வைச்சிருந்த அதே ஆள். நான் பள்ளிக்கூடத்தால வாறன், கராஜுக்கால நெருப்புப் பொறி பறக்குது. என்னைக் கண்டதும் நிப்பாட்டினார். வெட்டாமல் விட்டிடுவார் எண்டு நினைச்சன். லதீஸ், அந்தத் தகட்டை ஒருக்கா அசையாமப் பிடி எண்டார். பிடிச்சன். அவர் வெட்ட வெட்ட நான்தான் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். பெயின்ற் கருகின மணம் ரெண்டு நாளா என்ர கையில நிண்டது. ஏனப்பா எண்டு கேட்டால் ஒரு இருமல் இருமிப்போட்டு, பிடி, பிடி, ஆட்டாதை எண்டுறார். அப்பாவுக்குப் பதில் சொல்ல விருப்பம் இல்லாட்டி முதல்ல இருமல்தான் வரும்.

இருங்கோ, இந்த இடத்தில ஒரு முடக்கு வரும். கேட்டுதே? முந்தி இந்தக் கார் முடக்கில வெண்ணெய் மாதிரிப் போகும்.

எப்பிடித் தெரியுமெண்டு கேட்டனீங்களெல்லோ. போன மாசம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் எங்கட வீட்டுப் போனில இருந்து உங்களுக்கு ஒரு கோல் வந்தது. அப்பா கதைச்சவர். தம்பி, ஐயர் சொல்லுறார், எங்கட முறைப்படி மாப்பிள்ளை மீசையை எடுத்துப்போட்டுத்தான் மணவறையில இருக்கோணுமாம். ஞாபகம் இருக்கே? இருக்கும். எடுத்திட்டியள்தானே.

ஓம். அது நான்.

அடியாதேங்கோ, ஸ்ரேறிங் ஆடும்! ஐயருக்கு உங்கட மீசையால என்ன அத்தான்? ஒரு முறையும் இல்லை. நீங்கள் உடன ஓம் மாமா எண்டுவியள் எண்டு நான் என்ன கனவே கண்டன்? மீசை வளரும் அத்தான். மட்காட் வளராது.

சிரிப்பை அடக்கிக்கொண்டு போனை வைக்கப் போனன். அப்பத்தான் நீங்கள், மாமா, ஒரு நிமிசம், கார் விசயம் எண்டு துவங்கினீங்கள். இவ்வளவு பெரிய பொருளைத் தாறன் எண்டு சொல்லிப்போட்டியள், எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு. அது லதீசுக்கெண்டு செய்ததெண்டு மிருணா சொன்னவ. அவன்ர மனம் நோகாதோ மாமா?

அப்பிடித்தான் எனக்குத் தெரியும். வேற ஒருத்தரும் சொல்லேல்ல.

இல்லை, உங்களில கோவம் இல்லை. நீங்கள் ஒராள்தான் என்ர மனம் நோகுமோ எண்டு கேட்டனீங்கள். அதையும் என்னட்டையே கேட்டியள்.

நான் என்ன வேணுமெண்டாலும் சொல்லியிருக்கலாம். ஓம் தம்பி, அது அவன்ர கார், விட்டிடுங்கோ எண்டிருந்தால் நீங்கள் விட்டிருப்பியள். கார் இப்ப என்ர கராஜில நிண்டிருக்கும். ஆனா குரல் எடுக்கேக்க அப்பிடிச் செய்யேலாது அத்தான். அந்த ஆள் சொல்லாத கதையைச் சொன்னால் குரல் பிசகும், கேக்கிறவைக்குப் பிடிபட்டிடும். நான் யோசிக்கவே இல்லை. முதல்ல ஒரு இருமல் வந்தது. பிறகு வாய் தன்ர பாட்டுக்குச் சொல்லுது, அவனோ? அவன் இண்டைக்கு இதைக் கேப்பான், நாளைக்கு வேறொண்டைக் கேப்பான். பொடியன்தானே தம்பி, மறந்திடுவான்.

போனை வைச்சிட்டன்.

அண்டையில இருந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரியிறன், அது நான் சொன்னது, அப்பா சொல்லேல்ல. அப்பா எண்டால் வேற ஏதாவது சொல்லியிருப்பார். கொஞ்சம் யோசிச்சாவது இருப்பார். நான்தான் பிழையா எடுத்திட்டன்.

ஒண்டு கேக்கிறன், ஒளிக்காமச் சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு நீங்கள் அப்பாட்ட நேரில என்னைப் பற்றிக் கேட்டனீங்களோ?

எப்ப? கூறைச் சீலை எடுக்கப் போன அண்டைக்கோ?

போனில கதைச்சதைச் சொல்லேல்லைத்தானே? நல்லது. சும்மா, காரைத் தாறதில லதீசுக்கு உண்மையா விருப்பமோ எண்டு மட்டும் கேட்டனீங்கள். ம். அதுக்கு என்ன சொன்னவர்? இல்லை, அப்பிடிச் சுருக்கிச் சொல்லாதேங்கோ. அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்கோ.

ம்.

பொடியன்தானே எண்டுமோ?

மறந்திடுவான் எண்டும். சொல்ல முதல் இருமினவரோ? நல்லா யோசிச்சுப் பாருங்கோ. இருமினவர், என்ன?

அப்ப ஒரு சொல்லுக்கூடப் பிசகேல்ல அத்தான். நான் அப்பாவை அப்பிடியே எடுத்திருக்கிறன்.

வந்திட்டுது கோயில். அந்தா அப்பா, வாசலில கை கூப்பிக்கொண்டு நிக்கிறார், வாயெல்லாம் பல்லு. நீங்கள் முதல்ல இறங்குங்கோ. சப்பாத்தைக் கழட்டிப்போட்டு அந்தப் பலகையில ஏறி நில்லுங்கோ, நான் செம்பில தண்ணி எடுத்துக்கொண்டு வாறன். உங்கட காலைக் கழுவி உள்ளுக்கக் கூட்டிக்கொண்டு போறது பொம்பிளையின்ர தம்பிதானே.