கண்ணாடிப் பெட்டியில் இருந்த மண்வில்லை

இந்த மாலைக்குத் தலைமை ஏற்று, நீட்டிப் பேசுவோரை நிறுத்துவதற்கென்றே கையில் பள்ளிக்கூட மணியோடு அமர்ந்திருக்கும் தலைமையாசிரியை அவர்களே! போர்முனையில் ஒற்றைக் காலை விட்டுவந்தும் இந்த மேடைப் படிகளில் என்னை முந்திக்கொண்டு ஏறிய என் தோழர்களே! முன்வரிசையில் இப்போதே என்னை முறைக்கத் தொடங்கிவிட்ட, ஓய்வுபெற்ற கர்னல் பரமர்ஸ் அவர்களே! கரூன் நதியின் தண்ணீரைக் குடித்து, கோடையில் அதில் ஏறும் உப்பையும் குடித்து, இந்த ஊரைவிட்டுப் போகாமல் இருக்கும் பெரியோரே! எல்லோருக்கும் மேலாக, மடியில் மகனின் படத்தை வைத்தபடி இடப்பக்கம் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவர் மீதும் அமைதி உண்டாகட்டும்!

நான் ஜாஸிம் கஅபி. வீட்டில் அரபி, பள்ளியில் பாரசீகம். இந்த இரண்டு நாக்கு இருந்த ஒரே காரணத்துக்காக அரசு என்னை எல்லைச் சாவடியில் மொழிபெயர்ப்பாளனாக உட்கார வைத்தது.

என்ன ஐயா? சத்தமாகப் பேச வேண்டுமா? பேசுகிறேன். முப்பது ஆண்டு பிறர் சொன்னதைத்தான் நான் சத்தமாகச் சொன்னேன். இன்றாவது என் சொல்லைச் சொல்கிறேன்!

ஒரு நாட்டின் வெளியுறவு எங்கே நடக்கிறது? தலைநகரத்து மண்டபத்திலா? பளிங்குப் படிக்கட்டிலா? படம் பிடிப்போர் கூடிநிற்கும் வாசலிலா? நான் கண்ட வெளியுறவு ஒரு தகர மேசையில் நடந்தது. அதன் ஒரு பாதி எங்கள் மண்ணில், மறு பாதி அவர்கள் மண்ணில். நாங்கள் கொண்டுபோன தேநீரை நாங்கள் குடிப்போம். அவர்கள் கொண்டுவந்ததை அவர்கள் குடிப்பார்கள். எட்டு ஆண்டு போர் முடிந்து பதினொரு ஆண்டு ஆன பின்பும், ஒரு குவளை கூட அந்த மேசையின் நடுக்கோட்டைத் தாண்டியதில்லை. தாண்டியவை சவப்பெட்டிகள் மட்டுமே. அவர்கள் மண்ணில் கிடைத்த நம் பிள்ளைகள் இங்கே வந்தார்கள். நம் மண்ணில் கிடைத்த அவர்கள் பிள்ளைகள் அங்கே போனார்கள்.

இப்போது நம் மேட்டைப் பற்றிச் சொல்கிறேன். போர் முடிந்த மறு ஆண்டு, பேரீச்சந்தோப்பில் நின்ற வெள்ளம் வடிந்தபோது ஓர் உடல் கிடைத்தது. எலும்பும் கந்தலும்தான். அடையாளத் தகடு இல்லை. சீருடையின் நிறம் சேற்றில் போய்விட்டது. சட்டைப் பைக்குள், எண்ணெய்க் காகிதத்தில் பத்திரமாகச் சுற்றிய ஒரு மண்வில்லை இருந்தது. நாம் தொழுகையில் நெற்றி வைக்கும் வில்லை, அதிலும் எல்லைக்கு அப்பால் இருக்கும் புனிதக் கர்பலாவின் மண்! எட்டு முனை, நடுவில் ஒற்றைப் பேரீச்சை மரம், மரத்தடியில் ஒரு சிறு கீறல். அதைக் கையில் வாங்கிப் பார்த்தவன் நான். அழுதுகொண்டே சொன்னவனும் நான். "நம்ம பையன்தாங்க! எதிரிப் படையில எவன் இதப் பையில வெச்சுக்கப் போறான்? பார்த்தா அவன் அதிகாரிங்களே சுட்டுருவானுங்களே!"

நம்ம பையன். ஊரே நம்பியது. மேட்டில் அடக்கினோம். 'பெயர் தெரியாத தியாகி' என்று கல்லில் பொறித்தோம். வில்லையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தோம். மணமக்கள் வந்தார்கள், தேர்வு எழுதும் பிள்ளைகள் வந்தார்கள், அந்தக் கண்ணாடியை முத்தமிடாதவர் இந்த ஊரில் யார்? எல்லை மூடி எட்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்ததே, கர்பலா மண் புத்தம் புதிதாக இங்கே எப்படி வந்தது என்று நம்மில் ஒருவராவது கேட்டோமா? கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? கர்பலாவுக்கு இத்தனை கிலோமீட்டர் என்று எழுதிய பலகைகளைப் பார்த்துப் பார்த்தே எட்டு ஆண்டு ஏங்கிய கூட்டம் நாம். அந்த மண்ணே நம்மைத் தேடி வந்துவிட்டது என்று மகிழ்ந்துபோனோம்.

அந்தக் கபரை, அந்தக் கல்லறையைக் கழுவியவர் நம் ஸனூபர் கானும் அம்மா. தந்தூர் அடுப்பில் ரொட்டி சுட்டு விற்பவர். அவர் மகன் மெஹ்ராப் போருக்குப் போனான், திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. வியாழன்தோறும் பன்னீரும் பேரீச்சம்பழமும் எடுத்துக்கொண்டு மேடேறுவார். பத்து ஆண்டு. மணற்புயல் அடித்த வியாழனிலும் ஏறினார், காய்ச்சலில் கிடந்த வியாழனிலும் ஏறினார். ஒருநாள் நான் கேட்டேன்: "அம்மா, இது உங்க புள்ள இல்லையே, எதுக்கு இவ்வளவு சிரமம்?"

"எம் புள்ள எங்கயோ கெடக்கறான் தம்பி. அவன் தலைமாட்டுல ஒருத்தி நிக்கணும்னா, நான் இங்க ஒருத்தன் தலைமாட்டுல நிக்கணுமில்ல?" என்றார்.

பிறகு வந்தது அந்த நாள். மேசைக்கு அந்தப் பக்கம் லெப்டினன்ட் கர்னல் முன்திர். சிரித்து நான் பார்த்ததே இல்லாத மனிதர். ஒப்படைக்கும் உடல்களின் பட்டியலை வாசித்து முடித்தவர், கடைசியில் ஒரு சிறு பொட்டலத்தை மேசை மேல் வைத்தார்.

"இது பட்டியல்ல இல்ல. கர்பலாவுல ஒரு அம்மா கொடுத்தாங்க. அவங்க மகன் ஃபாலிஹ் உங்க பக்கத்துத் தோப்புல காணாமப் போனான். அவன் சட்டைப் பையில இதே மாதிரி ஒண்ணு இருக்கும்னு சொன்னாங்க. மண்ண அழுத்தற இந்த அச்ச அந்த அம்மாவோட அண்ணன் செதுக்கினதே அவன் படைக்குப் போன வருஷந்தானாம். ஃபாலிஹ் சின்ன வயசுல மரத்துலேருந்து விழுந்து இடது கை ஒடிஞ்சு கூடினவனாம்."

நான் பிரித்தேன். எட்டு முனை. ஒற்றைப் பேரீச்சை மரம். மரத்தடியில் அதே கீறல்!

என் வாழ்நாளில் மொழிபெயர்க்க மறந்தது அன்று ஒருநாள்தான். "என்னய்யா சொல்றான்? வாயத் தொறந்து சொல்லு!" என்று பக்கத்தில் இருந்த நம் கர்னல் பரமர்ஸ் என் விலாவில் இடித்தார். இடித்தீர்களா இல்லையா கர்னல்? தலையாட்டுகிறார், பாருங்கள்!

வண்டியில் திரும்பும்போது அவரிடம் சொன்னேன். அலுவலகத்துக்கு வந்து பழைய கோப்பைப் புரட்டினோம். அடக்குமுன் உடலைப் பார்த்த மருத்துவர் அன்றே எழுதியிருந்தார்: இடது முன்கை, பழைய முறிவு. கர்னல் கோப்பை மூடினார். கதவையும் மூடினார்.

"ஜாஸிம், இத இத்தோட மறந்துரு. ஊரே கும்பிடற கபர் எதிரியோடதுன்னு தெரிஞ்சா என்ன ஆகும்? நாளைக்கு ஒவ்வொரு கபரையும் தோண்டுன்னு கேப்பானுங்க. உலகமே நம்மளப் பாத்துச் சிரிக்கும்யா."

அவர் சொன்னதில் தவறில்லை. புரட்சி செய்த நாடு, எட்டுத் திசையிலும் பகை, தியாகிகளின் பெயரால் நிமிர்ந்து நின்ற நாடு. ஆனாலும் விதிப்படி, உடலைத் திருப்பித் தரலாமா என்று தலைநகரத்தைக் கேட்டோம். அங்கிருந்த மேசையும் முடியாது என்றது. நான் அரசு ஊழியன், வாயை மூடிக்கொண்டேன். ஆனால் வியாழக்கிழமை வந்தது. மேட்டில் பன்னீர்க் குப்பியோடு நின்ற அந்த அம்மாவுக்கு முன்னால் என் முகம் என்னைக் காட்டிக்கொடுத்தது.

"என்ன தம்பி? மெஹ்ராப் கெடச்சுட்டானா?"

அப்படிக் கேட்டார். அந்தக் கேள்விக்கு முன்னால் எவன் பொய் சொல்வான்? எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிவிட்டுத் தலை குனிந்தேன். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன், கபரில் காறித் துப்புவார் என்று கூட நினைத்தேன். அந்தத் தாய் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"அவன் பேரு என்ன சொன்ன?"

"ஃபாலிஹ்."

கல்லைத் தொட்டார். "ஃபாலிஹ்... இத்தன வருஷமா பேரச் சொல்லிக் கூப்பிட முடியலியேன்னு இருந்துச்சுப்பா" என்றார். பன்னீரை மிச்சமில்லாமல் ஊற்றிக் கழுவினார். கழுவிவிட்டு நேரே கர்னலின் அலுவலகத்துக்கு நடந்தார்.

கர்னல் எழுந்து நின்றார், நாற்காலி போட்டார், தேநீர் வரவழைத்தார். பிறகு சொன்னார்: "அம்மா, அவன் நம்ம ஊர் மேல குண்டு போட்டவன்."

"போட்டிருப்பான். எங்க வீட்டு மேலயே போட்டிருப்பான். அத நான் மறுமையில அவங்கிட்டயே கேட்டுக்கறேன். பெத்தவகிட்ட என்னத்தக் கேக்கறது?"

கர்னல் சளைக்கவில்லை. "சரிம்மா. அப்ப ஒண்ணு பண்ணலாம். இவனத் தர்றோம், பதிலுக்கு மெஹ்ராபக் கண்டுபிடிச்சுக் குடுங்கன்னு கேக்கறேன். விடமாட்டேன்."

அவைமக்களே! மகனைத் தருகிறேன் என்கிறார்கள்! பதினாறு ஆண்டாகக் காத்திருக்கும் மகனை! எந்தத் தாய் வேண்டாம் என்பாள்? இந்தத் தாய் சொன்னார்:

"வேணாங்கய்யா. பேரம் பேசாதீங்க. பேரம் பேசுனா அவங்க யாரு எலும்பையாவது கொண்டாந்து மெஹ்ராப்னு குடுப்பாங்க. நான் நம்பிருவேன். எனக்கு என்னையத் தெரியும், நம்பிருவேன். அப்புறம் எம் புள்ள வந்தாக்கூட வாசலத் தொறக்க ஆளிருக்காது."

கர்னல் தொலைபேசியைச் சுழற்றினார். தலைநகரத்தில் எடுத்த பெரிய மனிதரிடம், "நீங்களே சொல்லுங்க" என்று கருவியை அம்மாவின் கையில் கொடுத்தார். அந்தக் குரல் என் காதிலும் விழுந்தது. "அம்மா, இது அரசாங்க விஷயம், உங்களுக்குப் புரியாது."

"அரசாங்கமா அவனப் பெத்துச்சு?" என்றார் ஸனூபர் கானும்.

கைதட்டுங்கள், தட்டுங்கள்! அன்று நான் தட்டவில்லை. என் வேலை போய்விடும் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன்!

மறுமுனையில் அந்தக் குரல் இறங்கி வந்தது. "எத்தன வருஷமா அந்தக் கபரக் கழுவறீங்க?" அம்மா சொன்னார்: "எண்ணுனதில்லங்கய்யா. புள்ளைக்குச் செய்றத எவ எண்ணுவா?" மூன்றாம் நாள் அனுமதி வந்தது. யார் ஐயா அன்று இந்த நாட்டின் வெளியுறவை நடத்தியது? ஆணை எழுதியவரா? முத்திரை குத்தியவரா? பன்னீர் காயாத கையோடு வந்து நின்ற ஒரு ரொட்டிக்காரப் பெண்மணி! நான் எத்தனையோ தூதர்களுக்கு மொழிபெயர்த்திருக்கிறேன். அந்தக் கைக்கு முன்னால் அன்று எனக்கு உடல் சிலிர்த்தது. இன்றும் சிலிர்க்கிறது.

ஒப்படைக்கும் நாள். எல்லைக் கோட்டருகே பெண்களை விடுவதில்லை. கர்னல் விட்டார். அம்மா சவப்பெட்டியைப் பன்னீரால் துடைத்தார். கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துவந்த வில்லையை முன்திரின் கையில் கொடுத்தார். "அவங்கம்மாகிட்ட சொல்லுங்க, ஒரு வியாழக்கெழம கூட அவன் தனியா இருந்ததில்ல." நான் மொழிபெயர்த்தேன். அந்தச் சிரிக்காத மனிதர் தொப்பியைக் கழற்றி, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வில்லையைத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "தேநீர் இருக்கா?" என்றார். எங்கள் குவளை முதன்முதலாக அந்த நடுக்கோட்டைத் தாண்டியது.

இத்துடன் முடியவில்லை. தலைமையாசிரியை அவர்களே, மணியில் கை வைக்காதீர்கள், இன்னும் ஒன்றுதான்!

அடுத்த மாதம் அதே மேசையில் முன்திர் மீண்டும் ஒரு பொட்டலத்தை வைத்தார். உள்ளே நாங்கள் கொடுத்தனுப்பிய அதே வில்லை, ஃபாலிஹ் பையில் வைத்திருந்த வில்லை. கூடவே ஒரு துண்டுக் காகிதம். மேட்டில் வைத்து அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்:

"என் மகனைக் கழுவிய சகோதரிக்கு. அவன் வீடு வந்துவிட்டான், இனி இது அவனுக்கு வேண்டாம். உன் மகன் வந்ததும் அவனிடம் கொடு."

'வந்தால்' என்று அந்தத் தாய் எழுதவில்லை. 'வந்ததும்' என்று எழுதியிருந்தார்.

மெஹ்ராப் இன்னும் வரவில்லை. மேட்டில் கபர் காலியாக இருக்கிறது, கல்லைச் சிலர் எடுத்துவிடச் சொன்னார்கள். அதற்குத்தான் இன்று நம்மைக் கூட்டியிருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். எடுப்பதும் விடுவதும் உங்கள் முடிவு. ஒன்று மட்டும் சொல்கிறேன். போன வியாழக்கிழமையும் அந்தக் கல் ஈரமாக இருந்தது.

மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் ஸனூபர் கானும் அவர்களைத் திரும்பிப் பார்க்காதீர்கள், அவருக்குப் பிடிக்காது. அவர் கைப்பைக்குள் அந்த வில்லை இருக்கிறது. அவர் தன் பழைய வில்லையில்தான் தொழுகிறார். இதில் இதுவரை நெற்றி வைத்ததில்லை, பிறரை வைக்க விட்டதும் இல்லை. அது மெஹ்ராபுடையது.

பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும் தாய்மார்களுக்கும், மணியை அடிக்காமல் விட்ட தலைமையாசிரியைக்கும், என்னை இன்னும் முறைத்துக்கொண்டிருந்தாலும் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் கர்னலுக்கும் என் நன்றி. இங்கே வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். இன்னும் வந்து சேராத நம் பிள்ளைகளுக்கு என் ஸலாம்!