வெட்டி எடுத்த நான்கு நிமிடங்கள்

இனாயத்: ...அப்படிச் சொல்லாதீங்க உஸ்தாஸ் ஃபிக்ரி. பெருநாளுக்கு வந்த படத்துல அந்தப் பையன் பாலத்து மேல ஓடுற ஓட்டம் இருக்கே...

ஃபிக்ரி: ஓட்டமா அது? ரெண்டு மணி நேரம் சட்டையில்லாம ஓடுறான். ஒரு சட்டையை எடுத்துப் போடுன்னு சொல்ல அவன் வீட்டுல அப்பன் கிடையாதா?

தஸூகி: அப்பா இருந்தாரே. இடைவேளைக்கு முன்னாடி சுட்டுட்டாங்க.

ஃபிக்ரி: நல்லதாப் போச்சு. மீதியைப் பாக்காம தப்பிச்சார்.

இனாயத்: நீங்களும்தான் மீதியைப் பாக்கல. இருபதாவது நிமிஷத்துல எழுந்து போனீங்க.

ஃபிக்ரி: தொழுகை நேரம் அம்மா.

தஸூகி: நானும் பள்ளிக்குப் போறவன்தான் உஸ்தாஸ். அது எந்தத் தொழுகைக்கும் நேரமில்ல.

ஃபிக்ரி: நீங்க தூங்கிட்டிருந்தீங்க ஹாஜி. உங்களுக்கு நேரம் எப்படித் தெரியும்?

தஸூகி: அந்தத் துப்பாக்கிச் சத்தத்துல எவன் தூங்குவான்! கண்ணை மூடிக்கிட்டு இருந்தேன். அந்தப் படத்தை அப்படித்தான் பாக்கணும்.

இனாயத்: சரி சரி. இந்த ஷுப்ரா பேட்டையில இருக்கிற அத்தனை காப்பிக் கடையும் நம்மளப் பாத்து சிரிக்குது. விஷயத்துக்கு வாங்க. திரைப்படச் சங்கத்துக்கு நாம மூணு பேரும்தான் குழு. வியாழக்கிழமை கூடத்துல எந்தப் படம்னு இப்பவே முடிவாகணும். ரெண்டு ஓட்டு விழுந்தா போதும். என் ஓட்டு ‘செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளை’க்கு.

ஃபிக்ரி: என் ஓட்டு எதிர்.

இனாயத்: இன்னும் நான் காரணமே சொல்லலையே!

ஃபிக்ரி: காரணம் கேட்டு எதிர்க்கற படம் இல்ல அது. ஹாஜி, நீங்க சொல்லுங்க.

தஸூகி: நான் இன்னும் டீயே குடிச்சு முடிக்கலையே...

இனாயத்: அரை மணி நேரமா ஒரு கிளாஸ். அதுவும் அந்தச் சுண்டுவிரலை வளைச்சுத் தனியா நீட்டிக்கிட்டு, பாஷா வீட்டு மருமகள் மாதிரி.

தஸூகி: அது நீட்டறது இல்ல மதாம். சின்ன வயசுல ட்ராம் கதவுல நசுங்கினது. அன்னிலேருந்து நிமிரல. என் சம்சாரம்கூட எத்தனையோ வருஷம் நிமித்திப் பாத்தா.

ஃபிக்ரி: விரலை விடுங்க. நான் சொல்ற படத்தைப் போடுங்க. ‘மூன்றாம் சாட்சி’. ஒரு நீதிபதி, ஒரு மனசாட்சி, ஒரு தீர்ப்பு. கண்ணியமான படம்.

இனாயத்: அந்த நீதிபதி இருபத்தஞ்சு நிமிஷம் நிறுத்தாமப் பேசுறார்.

ஃபிக்ரி: நீதி நிதானமாத்தான் பேசும்.

தஸூகி: எனக்கு அந்தப் படம் பிடிக்கும். ஆனா அவர் பேசி முடிக்கறப்ப கொலை பண்ணது நான்தானோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுது.

இனாயத்: கேளுங்க உஸ்தாஸ். படங்களை வெட்டி ஒட்டுற மேசையில நாப்பது வருஷம் உக்காந்தவ நான். அழ வைக்கற படத்தை யார் வேணா வெட்டலாம். ரெண்டு பிரேம் கூடப் போனா கண்ணீரும் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். சிரிப்புப் படத்துல ஒரு பிரேம் தவறினா செத்துப்போச்சு. ‘செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளை’யில ஒரு பிரேம்கூடத் தவறல. தப்பான வீட்டுக்குள்ள கல்யாண ஊர்வலம் நுழையுது. தம்பட்டம், மெழுகுவர்த்தி... அந்த வீட்டுக்காரன் துண்டோட நிக்கறான்...

தஸூகி: ஹஹ்... ‘வாங்க வாங்க, மாப்பிள்ளை இன்னும் குளிக்கல’ம்பான்.

ஃபிக்ரி: இதுல சிரிக்க என்ன இருக்கு? அடுத்தவன் வீட்டு மானம் நடு வாசல்ல துண்டோட நிக்குது.

இனாயத்: நீங்க அந்தப் படத்தைப் பாத்தீங்களா இல்லையா?

ஃபிக்ரி: பாத்ததில்ல. பாக்கவும் மாட்டேன்.

இனாயத்: அப்ப வியாழக்கிழமை பாருங்க. நெகடிவைக் கழுவித் துடைச்சுப் புதுப் பிரதி எடுத்திருக்காங்க. அறுபது வருஷமா காணாமப் போயிருந்த நாலு நிமிஷத்தையும் சேத்துட்டாங்க.

ஃபிக்ரி: ...எந்த நாலு நிமிஷம்?

இனாயத்: பாக்காத படத்துல எந்த நிமிஷமா இருந்தா உங்களுக்கென்ன?

ஃபிக்ரி: சும்மா கேட்டேன். காணாமப் போனது காணாமயே இருக்கணும். அதுக்கும் ஒரு காரணம் இருக்கும்ல?

தஸூகி: அதையெல்லாம் எதுக்கு மதாம் தோண்டணும்? பழைய பிரதியே போதாதா?

இனாயத்: அட, ஹாஜியும் அவர் பக்கமா! நேத்து வரைக்கும் இந்தப் படம்னா உயிரை விட்டீங்களே?

தஸூகி: உயிர்தான். ஆனா... பழசு பழசாவே இருக்கட்டும்னு...

இனாயத்: ரெண்டு பேருக்கும் என்ன வந்தது? நான் உங்க ரெண்டு குடும்பத்துக்காகத்தானே இந்தப் படத்தைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை உஸ்தாஸோட பேத்தி ரனீமுக்கும் ஹாஜியோட பேரன் ஹைஸமுக்கும் கல்யாணத்தை நிச்சயம் பண்ணி ஃபாத்திஹா ஓதப் போறீங்க. முதல் நாள் ரெண்டு வீட்டு ஜனமும் ஒண்ணா உக்காந்து சிரிச்சா நல்லதுதானே?

ஃபிக்ரி: என் குடும்பம் சிரிச்சுக்கிட்டே சம்பந்தம் பண்ற குடும்பம் இல்ல. எங்கப்பா தன்தா ஊர்ல நீதிபதி. அவர் நடந்து வந்தா தெருவுல சைக்கிள் நிக்கும். அந்த வீட்டுப் பெண்ணை அனுப்பறேன். அதுக்கு முதல் நாள் எவனோ மஞ்சள் கோட்டு மாட்டிக்கிட்டு, சர்பத்துத் தட்டை ஏந்திக்கிட்டு, பிடரியில அறை வாங்கறதைப் பாத்து என் சம்பந்தி கைதட்டணுமா? ...என்ன? ஏன் ரெண்டு பேரும் இப்படிப் பாக்கறீங்க?

இனாயத்: மஞ்சள் கோட்டா?

ஃபிக்ரி: ஆமா. மஞ்சள். எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு கேவலமான மஞ்சள்.

இனாயத்: உஸ்தாஸ்... அது கறுப்பு வெள்ளைப் படம்.

ஃபிக்ரி: ...சுவரொட்டியில பாத்திருப்பேன்.

இனாயத்: சுவரொட்டியில மணப்பெண்ணும் துண்டு கட்டினவனும்தான். சர்பத்துத் தட்டு வர்ற காட்சி அந்த நாலு நிமிஷத்துல இருக்கு. படம் வெளிவந்த நாள்லேருந்து இந்த எகிப்துல ஒருத்தர்கூட அதைப் பாத்ததில்ல.

ஃபிக்ரி: அப்ப யாரோ சொல்லிக் கேட்டிருப்பேன்.

தஸூகி: விடுங்க மதாம். மனுஷனுக்கு வயசு எண்பது. கனவுல பாத்திருப்பார்.

ஃபிக்ரி: எனக்கு யாரும் பரிஞ்சு பேச வேண்டாம் ஹாஜி! என் வீட்டு விஷயத்தை நானே சொல்லுவேன். அந்த மஞ்சள் கோட்டுக்காரன் நான்தான். போதுமா? சட்டக் கல்லூரி ரெண்டாம் வருஷம். வகுப்பு இல்லாத ஒரு நாள். அந்த நடிகையைத் தூரத்துலேருந்து ஒரு தடவை பாக்கலாம்னுதான் ஸ்டுடியோ வாசலுக்குப் போனேன். ஒருத்தன் வந்து உயரத்தை அளந்தான். கோட்டை மாட்டினான். தட்டைக் கையில குடுத்தான். ‘மாப்பிள்ளைக்கு வாழ்த்துன்னு மட்டும் சொல்லு’ன்னான்.

இனாயத்: நீங்க சொன்னீங்க...

ஃபிக்ரி: நான் சொன்னேன். அந்தக் கோமாளி நடிகன் பின்னாலேருந்து பிடரியில ஒண்ணு வெச்சான். திரும்பச் சொன்னேன். திரும்ப வெச்சான். டைரக்டர் சிரிப்பை அடக்க முடியாம நாற்காலியிலேருந்து விழுந்துட்டார். பதினாலு தடவை எடுத்தாங்க. பதினாலு! நடிகை? அவ அன்னிக்கு வரவே இல்ல.

தஸூகி: திரும்பிப் பாத்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே...

ஃபிக்ரி: திரும்பக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. சொன்ன சொல் மீறற வளர்ப்பு இல்ல என் வளர்ப்பு. தட்டுல இருந்த சர்பத்து ஒரு சொட்டு சிந்தல. வேணும்னா அந்த நாலு நிமிஷத்துல பாத்துக்குங்க.

இனாயத்: பாத்திருக்கேன். நிஜமாவே சிந்தல.

ஃபிக்ரி: நீங்க எப்படி...?

இனாயத்: வெட்டினது நான்தானே. பதினேழு வயசு. வேலைக்குச் சேந்து ரெண்டாவது வாரம். வெள்ளை மீசை வெச்ச ஒரு பெரிய மனுஷர் தன்தாவுலேருந்து வந்தார். தயாரிப்பாளர் அறையில அரை மணி நேரம். அப்புறம் என் மேசைக்கு எதிர்ல நாற்காலி போட்டு உக்காந்தார். தொப்பியைக் கழட்டல, காப்பி குடிக்கல. கத்தரி விழற வரைக்கும் எழுந்திரிக்கல.

ஃபிக்ரி: எங்கப்பாவா...? அவருக்குத் தெரியுமா?

இனாயத்: உங்ககிட்ட சொல்லலையா?

ஃபிக்ரி: கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லல. நான் மறைச்சுட்டதாத்தான் அறுபது வருஷமா...

இனாயத்: போறப்ப என்கிட்ட ஒண்ணு கேட்டார். ‘பையன் அழுதானா?’ன்னு. இல்லைன்னேன். ‘சரி, வெட்டு’ன்னார். ...இந்தாங்க, தண்ணி குடிங்க. வெட்டினதைக் குப்பையில போட மனசு வரல. அவ்வளவு நல்ல வெட்டு அது. பிஸ்கட் டப்பாவுல வெச்சிருந்தேன். போன வருஷம் நெகடிவ் தேடி வந்தவங்ககிட்ட நான்தான் டப்பாவைக் குடுத்தேன். அது நீங்கன்னு எனக்குத் தெரியாது உஸ்தாஸ். மஞ்சள்னு நீங்க வாயைத் திறக்கற வரைக்கும் தெரியாது.

ஃபிக்ரி: இப்பத் தெரிஞ்சுதுல்ல? படத்தைப் போடக் கூடாது. போட்டா... ஹாஜி, உங்ககிட்டயே நேராக் கேக்கறேன். கன்னத்துல அறைஞ்சா அது சண்டை. பிடரியில அறைஞ்சா அந்த ஆளே ஆள் இல்லைன்னு அர்த்தம். இந்த ஊர்ல அதைத் தெரியாதவன் கிடையாது. ஊருக்கு முன்னாடி பிடரியில அறை வாங்கினவன் வீட்டுப் பெண் உங்க பேரனுக்கு வேணுமா? கேட்டது காதுல விழுந்ததா?

தஸூகி: விழுந்தது உஸ்தாஸ்.

ஃபிக்ரி: புரியுது. ஏற்கெனவே ரெண்டு வெள்ளிக்கிழமையைத் தள்ளிப் போட்டீங்க. ஒரு தடவை இடுப்பு வலின்னீங்க. இன்னொரு தடவை மாடியில தண்ணித் தொட்டி உடைஞ்சதுன்னீங்க. தொட்டி உடைஞ்சா ஃபாத்திஹா ஓதக் கூடாதான்னு என் மருமகள் கேட்டா. நான் பதில் சொல்லல. மூணாவதையும் தள்ளிடலாம். நானே ரனீம்கிட்ட சொல்லிக்கறேன். என் கைத்தடியை எடுங்க மதாம்.

இனாயத்: உக்காருங்க. கைத்தடியும் வேணாம் ஒண்ணும் வேணாம். அந்தக் காட்சியில ஒரு நெருக்கமான ஷாட் இருக்கு உஸ்தாஸ். முகம் தெரியாது. ஒரு பிடரி, வலப்பக்கம் ஒரு மச்சம். ஒரு கை. அவ்வளவுதான்.

ஃபிக்ரி: தெரியும். அந்தக் கோமாளி கை.

இனாயத்: முதல் அறையிலேயே உங்க கழுத்து எலும்புல பட்டு அவர் மணிக்கட்டு சுளுக்கிடுச்சு.

ஃபிக்ரி: ...அப்படியா?

இனாயத்: வீங்கிப் போச்சு. ஐஸ் வெச்சுக்கிட்டு மூலையில உக்காந்துட்டார்.

ஃபிக்ரி: எங்க குடும்பத்துக் கழுத்து. யாருக்கும் வளையாது.

இனாயத்: ஆமா ஆமா. மீதி பதிமூணுக்கும் விளக்குத் தூக்கற ஒரு பையனைக் கூப்பிட்டு நிக்க வெச்சாங்க. கை மட்டும்தானே தெரியப் போகுது. அந்தக் கையை நான் எத்தனை தடவை மேசையில ஓட்டிப் பாத்திருக்கேன் தெரியுமா? அஞ்சு விரல்ல ஒண்ணு மட்டும் கூடச் சேராது... ஹாஜி, டீ ஆறிப்போச்சு. கிளாஸைக் கீழ வைங்க.

ஃபிக்ரி: என்ன சொல்றீங்க மதாம்? ஹாஜி ஸ்டுடியோ வாசலையே மிதிச்சதில்லைன்னு சொன்னாரே. படம் பாக்கறதோட சரி, மத்தபடி மின்சாரக் கடைன்னு... ஹாஜி? ஏன் கையை மேசைக்கு அடியில வெச்சுக்கறீங்க?

தஸூகி: மிதிச்சதில்லைன்னு பொய் சொன்னேன் உஸ்தாஸ். மூணு மாசம் முன்னாடி பெண் கேட்டு உங்க வீட்டுக்கு வந்தப்ப, ஜன்னலைச் சாத்த நீங்க அந்தப் பக்கம் திரும்பினீங்க. அந்த மச்சத்தைப் பாத்ததும் அந்தக் கோட்டுப் பையன் நீங்கதான்னு தெரிஞ்சுபோச்சு. ஃபாத்திஹா ஓதி முடிச்சதும் உங்களை அறைஞ்ச இந்த வலது கையைத்தானே பெண்ணோட பெரியவர் கையில குடுத்தாகணும், இடது கையைக் குடுக்க முடியுமா... அதான் ஒரு தடவை இடுப்பைச் சொன்னேன், ஒரு தடவை தொட்டியைச் சொன்னேன்.