மூலை மேசைக் காபி

காபி வேண்டாம் என்று ஒரு தடவை சொல்லிவிட்டீர்கள், ஷெரிஃப். பரவாயில்லை. நம் மினசோட்டாவில் யாரும் கேட்டதும் வாங்கிக்கொள்வதில்லை. இரண்டு தடவை மறுத்து, மூன்றாவதில் கோப்பையை நீட்டுவதுதான் மரியாதை.

மருந்துக்கடையில் முப்பத்தொரு வருடம் நின்றவள் நான். மனச்சோர்வு மாத்திரைக்கு வருபவர்கள் பெரும்பாலும் பெண்கள். பிப்ரவரியில் கூட்டம் அதிகம். கூடவே இருமல் மிட்டாய் வாங்கி, அதற்கடியில் மாத்திரையை ஒளித்து எடுத்துப்போவார்கள். கொஞ்சம் தெளிந்ததும் தாங்களாகவே நிறுத்திவிட்டு, அழித்துவிடச் சொல்லி மீதியை என்னிடமே கொடுப்பார்கள். பாதி நிரம்பிய புட்டிகள். எறிய மனம் வரவில்லை.

ஆண்கள் வரவே மாட்டார்கள். கடையின் மூலை மேசையில் தினமும் காலையில் என் காபிக்காக வயதான விவசாயிகள் ஐந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். எப்படி இருக்கிறீர்கள் என்றால், "மோசமில்ல" என்பார்கள். அந்த முகங்களைப் பார்த்தால் பால் திரிந்துவிடும்.

ஆகவே பொடித்தேன், கலந்தேன். கசப்பை ஒருவரும் குறை சொல்லவில்லை. நம் ஆட்கள் சொல்லவும் மாட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து நீங்கள் வந்து பார்த்திருக்க வேண்டும். வெர்னர் தன் டிராக்டருக்குப் பெயர் வைத்தார். லாயிட் அலமாரிகளுக்கு நடுவே போல்கா நடனம் ஆடி, டயப்பர் அடுக்கைச் சரித்தார்.

"டேய் லாயிட், உன் கல்யாணத்துலகூட நீ கால அசைக்கலையேடா" என்றார் வெர்னர்.

"அன்னைக்கு உன் மூஞ்சி எதிர்ல இருந்துச்சுடா, மடையா."

சிரித்துச் சிரித்து எனக்கே வயிறு வலித்தது. கடைக்குள் வெயில் வந்து குடியேறியது போல இருந்தது.

ஆர்வில் மட்டும் அமைதியாகவே இருந்தார். அதனால் அவர் கோப்பையில் எப்போதும் ஒரு சிட்டிகை கூடுதல். போன செவ்வாய்க்கிழமை அவருக்கு வியர்த்துக் கொட்டியது, முகம் சிவந்திருந்தது.

"கை நடுங்குது மார்லிஸ். உள்ளுக்குள்ள என்னமோ ஓடுது. போதும்மா."

சந்தோஷத்துக்குப் பழகாத உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். மறுபடி கேட்டேன். மறுத்தார். மூன்றாவது தடவை கேட்டேன். கோப்பையை நீட்டினார். நல்ல மனிதர்.

வியாழக்கிழமை, தணியாத காய்ச்சலில் போய்விட்டார். அவர் கோட்டுப் பையில் இருந்ததை நீங்கள்தான் எடுத்தீர்கள். அதே வகை மாத்திரை, நான் கலந்ததோடு சேர்ந்து விஷமாகிவிட்டதாம். நாற்பது மைல் தள்ளியுள்ள கடையில் இரண்டு வருடமாக வாங்கியிருக்கிறார், என்னிடம் வாங்கினால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று. அதில்தான் எனக்கு வருத்தம். யாருடைய ரகசியத்தையும் நான் வெளியே விட்டதில்லை. உங்கள் மனைவியும் மூன்று வருடமாக இருமல் மிட்டாய் வாங்குகிறார். யாரிடமாவது சொன்னேனா?

இன்னும் கொஞ்சம் சூடாக இருக்கிறது, ஊற்றட்டுமா? சரி, வேண்டாம்.

இறுதிச் சடங்கன்று தேவாலயத்தில் காபி போட்டதும் நான்தான். அடக்கம் முடிந்து வந்தவர்கள் ஆளுக்கு இரண்டு கோப்பை குடித்தார்கள். லாயிட் மேசையில் தாளம் போட்டார். ஆர்விலின் மனைவிகூடக் கடைசியில் சிரித்துவிட்டாள். இதைவிட ஒரு ஊருக்கு என்ன செய்ய முடியும்?

பொடித்தவள் நான், கலந்தவள் நான், அவரைக் குடிக்கவைத்தவளும் நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போது முகத்தை ஏன் இப்படி வைத்துக்கொள்கிறீர்கள்?

மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன், ஷெரிஃப். அரைக் கோப்பை?