நுவானின் பின்னங்கால்

பூனைக்கு மாத்திரை கொடுப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. தாடையின் ஓரத்தில் விரலை வைத்தால் வாய் தானாகத் திறக்கும். நாக்கின் பின்பக்கம் போட்டுவிட்டுத் தொண்டையைத் தடவிக்கொடுத்தால் விழுங்கிவிடும். லம்பாங்கில் அந்தச் சின்னக் கால்நடை மருத்துவமனைக்குப் பயிற்சிக்குப் போன முதல் வாரமே எனக்கு அது கைவந்துவிட்டது. அங்கே என்ன கற்றுக்கொண்டாய் என்றுதானே முதலில் கேட்டீர்கள், சார். அதனால் இதிலிருந்து தொடங்குகிறேன்.

நான் கரேன் பெண், மலைக்காரி. பேச்சில் மலை வாடை அடிக்கும். கல்லூரி விடுதியில் மற்றப் பெண்கள் என்னைப் போலப் பேசிக்காட்டிச் சிரிப்பார்கள். சிரித்து முடித்த பிறகு என்னிடம் பேச அவர்களுக்கு வேறு எதுவும் இருக்காது. மருத்துவமனையில் டாக்டர் துக் அப்படி இல்லை. போன அன்றே உட்காரவைத்து, சாப்பிட்டாயா என்று கேட்டார்.

"புத்தர் கோயிலுக்குப் போவியா, சர்ச்சுக்குப் போவியா?" என்றார் அடுத்து.

"சர்ச்சுக்கு, டாக்டரக்கா."

அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. ஏன் என்று பிறகு புரிந்தது. டாக்டர் துக் தம் கையால் உயிரை எடுக்க மாட்டார். தேற வழியில்லாத நாய் வந்தால் ஊசியேற்றும் குழாயைப் பொருத்துவார், எல்லாவற்றையும் தயாராக வைப்பார், பின்பக்கம் போய்க் கை கழுவத் தொடங்கிவிடுவார்.

"ஏபோ, நீ முடிச்சிடும்மா. நீங்க ஞாயித்துக்கிழமை ஒரு தடவை மன்னிப்புக் கேட்டா தீந்துச்சு. நாங்கல்லாம் அடுத்த பிறவியிலயும் அனுபவிக்கணும்."

உதவியாளர் நிம் அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த மருந்து இருந்த அலமாரியின் சாவியும் என்னிடமே வந்துவிட்டது. அதைத் தொடக்கூட அவர்களுக்குப் பிடிக்காது.

அந்த நேரம் எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். நாயை வளர்த்தவர்கள் அதன் முன்னால் கைகூப்பி, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளுக்கெல்லாம் அதனிடம் மன்னிப்புக் கேட்பார்கள். நான் மெதுவாக என் வேலையைச் செய்வேன். முடிந்ததும் அவர்கள் என் பக்கம் திரும்புவார்கள். அதுவரை என் பெயர்கூடத் தெரியாதவர்கள் என் தோளில் சாய்ந்து அழுவார்கள். முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா என் கையைத் தம் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "ராசியான கை கண்ணு உனக்கு, தூங்குற மாதிரியே போயிடுச்சு" என்றார். மறுநாள் எனக்காகவே வாழையிலையில் ஒட்டரிசிச் சோறு கட்டிக்கொண்டு வந்தார்.

குணமான நாய்களின் கதை வேறு. கூண்டைத் திறந்ததும் அது வாலை ஆட்டிக்கொண்டு ஓடும், அவர்களும் பின்னாலேயே ஓடுவார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நான் தரையைத் துடைத்துக்கொண்டிருப்பேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. சந்தோஷத்தில் இருப்பவர்களுக்கு யாரும் தேவைப்படுவதில்லை.

சிறுநீரகம் போன ஒரு பூனை இருந்தது. பாவம் வரும் என்று வீட்டார் கடைசிவரை சம்மதிக்கவில்லை. அது படுகிற பாட்டை நான் பார்த்தேன், அவர்கள் பார்க்கவில்லை. ஒரு ராத்திரி அலமாரியைத் திறந்தேன். தூக்கத்திலேயே போய்விட்டது என்று காலையில் சொன்னேன். யாருக்கும் பாவமில்லாமல் தானாகவே போனதே என்று அழுகையிலும் அவர்களுக்கு ஆறுதல். இதில் யாருக்கு என்ன கெட்டுப்போனது, சொல்லுங்கள். அடுத்தது, அவ்வளவு நோய் முற்றாத ஒன்று. பிறகு இன்னும் சில. அவற்றின் பெயர்களைக் கேட்கிறீர்கள், எனக்கு நினைவில்லை. அழுதவர்களின் பெயர்களைக் கேளுங்கள், எல்லாம் சொல்கிறேன்.

ஊரே பெரியப்பா என்று கூப்பிடும் தவினின் நாய்க்கு நுவான் என்று பெயர். பாலேட்டு நிறம். மோட்டார் சைக்கிள் அடித்து இடுப்புக்குக் கீழே செயலிழந்திருந்தது. பொறுத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர் துக். பெரியப்பாவுக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. சந்தையில் வாழைப்பழம் சுட்டு விற்பார். கடை கட்டியதும் கோழி ஈரலை அவித்து எடுத்துக்கொண்டு வந்து கூண்டின் முன்னால் உட்கார்ந்துவிடுவார். ஈரலைப் பிட்டுப் பிட்டு ஊட்டுவார், நாயோடுதான் பேச்செல்லாம். நான் தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடிப்பார், முகத்தைப் பார்க்க மாட்டார்.

அந்த ஊர்ப்பக்கம் ஒரு வழக்கம். குழந்தையோ பிராணியோ நன்றாக இருந்தால் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. ஆவியின் காதில் விழுந்தால் கொண்டுபோய்விடும். அதனால் அழகான குழந்தையை அசிங்கம் என்பார்கள். தேறிவருகிற நோயாளியை, இது எங்கே பிழைக்கப்போகிறது என்பார்கள்.

ஒரு நாள் மாலை பெரியப்பா நுவானின் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"இது உதவாது. அசிங்கம் பிடிச்ச நாய். இன்னைக்கோ நாளைக்கோ போய்ச் சேரப்போவுது. போவட்டும், எனக்கென்ன" என்றார் உரக்க.

நிம் அக்காவும் கேட்டார், வாசலில் இருந்தவர்களும் கேட்டார்கள். விசாரணையில் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். போகட்டும் என்றவர் அவர்தான்.

மறுநாள் காலை கூண்டைக் கழுவப் போனேன். ஈரலின் வாசனை என் கையில் இருந்ததோ என்னவோ, நுவான் எழப் பார்த்தது. பின்னங்கால் தரையை உந்தியது. விழுந்தது. மறுபடியும் உந்தி, கொஞ்ச நேரம் நான்கு காலில் நின்றது. என்னைப் பார்த்து வாலைக்கூட ஆட்டியது. சாயங்காலம் பெரியப்பா வருவார், பார்ப்பார், தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்துக்கொண்டேன். அலமாரியைத் திறந்தேன். அது கடைசிவரை என் கையை நக்கிக்கொண்டிருந்தது.

பெரியப்பா அழவில்லை. எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது. ஈரல் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பிறகு முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"நேத்து காலால என் கையைத் தள்ளுச்சும்மா. தேறிடுச்சுன்னு தெரிஞ்சுபோச்சு. அதனாலதான் அப்படிச் சொன்னேன். ரொம்பச் சத்தமாச் சொல்லிட்டேன் போல. போவட்டும்னதை நெசம்னு நெனச்சு ஆவி கூட்டிட்டுப் போயிடுச்சு. என் வாயாலேயே கொன்னுட்டேன்."

அப்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் மறுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் அவருக்கு அப்போது வேண்டியது உண்மை அல்ல, துணை. அதை நான் குறைவில்லாமல் கொடுத்தேன். அவர் கடையைத் திறப்பதை நிறுத்திவிட்டார். பேசவே பயந்தார், தன் வாய் யாரையாவது கொன்றுவிடும் என்று. நான் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல் அவர் வீட்டுக்குப் போவேன். கஞ்சி வைத்துக் கொடுப்பேன். சாயங்காலம் வரை பேசாமல் உட்கார்ந்திருப்போம். கிளம்பும்போது மட்டும், "அடுத்த வாரம் வருவியாம்மா" என்பார். அந்த ஊரில் என்னை எதிர்பார்த்து இருந்தவர் அவர் ஒருவர்தான். அவரைப் போலவே எனக்கும் அங்கே வேறு யாரும் இல்லை.

சந்தைக்காரர்கள் மனம் கேட்காமல் அவருக்கு ஒரு குட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். போன ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அவர் கடையைத் திறந்திருந்தார். காலடியில் குட்டி கிடந்தது. எனக்கு ஒரு பழத்தைச் சுட்டுக் கொடுத்துவிட்டு, வாங்க வந்தவர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். நான் கிளம்பியபோது அடுத்த வாரம் வருவாயா என்று கேட்கவில்லை.

இன்று காலை அவரே குட்டியைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தார். சாதாரண இருமல்தான். டாக்டர் துக், ஒரு நாள் இங்கே இருக்கட்டும் என்றார். பெரியப்பா அதை என் கையில் கொடுத்து, என் காதருகே குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்:

"நல்ல குட்டிம்மா இது. உன்கிட்ட மட்டுந்தான் சொல்றேன்."

நிம் அக்கா கூண்டறைக்குள் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கூண்டைப் பார்த்தார், என் கையில் இருந்த ஊசியைப் பார்த்தார், அதை வாங்கிக்கொண்டு போய்க் கல்லூரிக்குத் தொலைபேசினார். நீங்கள் வந்தீர்கள்.

ஆமாம், குட்டிக்கு இருமல் மட்டும்தான் இருந்தது. நுவான் எழுந்து நின்றதைப் பார்த்த பிறகுதான் செய்தேன். பெரியப்பா அன்று சொன்னதற்கு என்ன அர்த்தம் என்றும் எனக்குத் தெரியும். என் அம்மாவும் அப்படித்தான் பேசுவாள். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், சார். குட்டியைக் கூட்டிப்போக அவர் சாயங்காலம் வருவார். வேறு யாரும் அவரிடம் சொல்ல வேண்டாம், நானே சொல்கிறேன். அந்த நேரத்தில் பிடித்துக்கொள்ள அவருக்கு ஒரு கை வேண்டும்.