கேன்டீனில் சொன்ன ரெண்டு வரி

அன்று டீ வந்தது பத்து மணிக்கா, பத்தரைக்கா என்று எனக்கு நிச்சயமாக நினைவில்லை, ஐயா. மற்றதிலும் சிறு பிழைகள் இருக்கலாம். அந்த மின்னஞ்சல் மட்டும் மனப்பாடம்.

ஓசூரில், இரும்புத் தகடுகளை அழுத்தி வளைக்கும் எங்கள் பிரஸ் கம்பெனியில் பதினொரு வருடமாகக் கடிதங்கள் எழுதுகிறேன். எழுத்தில் வந்தால்தான் மேலாளர் எந்த மெஷினையும் நிறுத்துவார். மெயின்டனன்ஸ் திம்மராயனுக்கு இங்கிலீஷ் வராது. தமிழும் தெலுங்குமாக வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவான். நான் அதை இங்கிலீஷாக்கி அவன் பெயரில் மேலே அனுப்புவேன்.

"சுகுணாக்கா, நான் சொன்னது இருக்குதா?" என்பான்.

"இருக்குதுப்பா."

இருக்கும்.

போன ஜூனில் எல்லோருக்கும் கடிதம் எழுதப் பயிற்சி கொடுத்தார்கள். சுருக்கமாக எழுது, பதற்றப்படுத்தாதே, பணிவாக முடி. அதன்பின் சூப்பர்வைசர் வேலைக்கான தன் விண்ணப்பத்தை, புதிதாக வந்த கவிப்ரியாவிடம் எழுதக் கொடுத்தான் திம்மராயன். கேன்டீனில் எல்லோர் முன்னாலும் சொன்னான்: "அக்கா எழுதுனா படிக்கிறவனுக்குக் கொட்டாவி வந்துடும். இந்தப் பாப்பா ரெண்டே வரியில முடிச்சுடுச்சு."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் மகள் ஹரிணியைப் பள்ளியில் சேர்க்கக் கடிதம் எழுதியது நான்.

அன்றாட ரிப்போர்ட் மட்டும் இன்னும் என்னிடமே வந்தது. கேன்டீன் பேச்சுக்கு எட்டாம் நாள் வாட்ஸ்அப்பில் அவன் குரல் வந்தது.

"அக்கா, நாலாம் நம்பர் பிரஸ்ல கை இருந்தா நிறுத்துற சென்சார் செத்துப்போச்சு. உள்ள கை இருந்தாலும் இறங்குது. இன்னைக்கே நிறுத்தணும்னு எழுது. யார் கையாவது போயிடும்."

மூன்று முறை கேட்டேன். பிறகு எழுதினேன். நான்காம் பிரஸ் சென்சாரில் சிறு கவனிப்பு தேவை. உற்பத்தியைத் தொடரலாம், வசதிப்படும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டே வரி.

"நான் சொன்னது இருக்குதா அக்கா?"

"இருக்குதுப்பா. சுருக்கமா."

தெளிவான கடிதம் என்று மேலாளர் பதில் போட்டிருந்தார். நிறுத்தச் சொன்னாரா என்று திம்மராயன் வந்து கேட்டான். பார்க்கிறேன் என்றிருக்கிறார் என்றேன். போய்விட்டான். அப்போதுகூட மேலாளருக்கு நான் ஒரு போன் செய்திருக்கலாம். டீ ஆறிக்கொண்டிருந்தது, குடித்தேன்.

மூன்றாம் நாள் நான்காம் பிரஸ் இறங்கியபோது, அதை ஓட்டும் முனிவேலின் கை உள்ளே இருந்தது.

விசாரணையில் திம்மராயனிடம் அந்த மின்னஞ்சலைக் காட்டினார்கள். "எழுத்துல தப்பு இருக்காது சார், அக்கா எழுதுனது. நீங்கதான் தப்பாப் படிக்கிறீங்க" என்றானாம்.

முனிவேலுக்கு வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிச்சம். குருபரப்பள்ளி ரோட்டோரம் இளநீர்க் கடை வைத்திருக்கிறான். வெட்டிக் கொடுப்பது அவன் மனைவி. திம்மராயனுக்கு வேலை போய்விட்டது. ஹரிணி அந்தப் பள்ளியில் இப்போது இல்லை. கவிப்ரியா பெங்களூருக்குப் போய்விட்டாள். கடிதம் எழுதும் வகுப்பை நான்தான் எடுக்கிறேன். அந்த இரண்டு வரியை எழுதியதும் நான்தான், ஐயா. எழுதிக்கொள்ளுங்கள். இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அந்த விண்ணப்பத்துக்கும் அவன் என்னை நம்பியிருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது.